பிள்ளைகள் எழுதும் விண்ணப்பம்

நண்பரொருவர் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவரைக் காணச் சென்றிருந்தோம். பதினோராம் தர மாணவர்கள் எழுதிய கடிதங்களைக் கட்டாக நம்மிடம் தந்து, வாசித்துப் பார்க்குமாறு சொன்னார். கொடுக்கப்பட்டிருந்த தலைப்பு நாமெல்லோரும் அறிந்த பழைய தலைப்புத்தான்: 'பாடசாலைக்குச் செல்லும் பாதையைத் திருத்தித் தருமாறு கோரிப் பொறுப்பானவருக்கு ஒரு கடிதம் எழுதுக.'

முதற் கடிதத்தை வாசித்தோம், இரண்டாவதையும் வாசித்தோம். ஐந்தாவதை எடுத்தபோது முதற் கடிதத்தையே மறுபடியும் எடுத்துவிட்டோமோ என்ற ஐயம் உண்டாயிற்று. எல்லாக் கடிதங்களும் 'தாழ்மையுடன்' தொடங்கின. எல்லாமே 'தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டு வருவது யாதெனில்' என்று நடந்தன. 'தங்களின் கருணை உள்ளத்தை நாடி நிற்கிறோம்' என்று எல்லாமே முடிந்தன. ஒரு கடிதத்தில் மட்டும் புதுமை ஒன்றைக் கண்டோம். குளக்கட்டு வழியே செல்லும் பாதை மழைக்காலத்தில் சேறாகிவிடுவதாக அதை எழுதிய மாணவி முறையிட்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் குளமும் இல்லை, குளக்கட்டும் இல்லை. சமவெளிப் பிள்ளைகளுக்காக யாரோ எழுதிய மாதிரிக் கடிதத்தை வரி பிசகாமல் மனனம் செய்து, தேயிலை மலையின் உச்சியில் இருந்துகொண்டு அவள் ஒப்புவித்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். மண் சரிந்து பாதி மூடிக் கிடந்த பாதையில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதை எந்தக் கடிதத்திலும் இடம்பெறவில்லை.

இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயமன்று. அந்த மாணவியிடம் குறை காண்பதும் நம் நோக்கமன்று. அவளிடம் கேட்கப்பட்டது கடிதம்; கற்பிக்கப்பட்டதோ கடிதத்தின் சட்டை. எங்கே திகதி, எங்கே முகவரி, எத்தனை முறை 'பணிவு' என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, ஏன் அவர் தர வேண்டும், தர முடியாது என்று அவர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்ற கேள்விகளை யாரும் அவள் முன் வைக்கவில்லை. பேனையை எடுப்பதற்கு முன்பு நடக்க வேண்டிய வேலை முழுவதும் அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. பேனையை எடுத்த பின்பு நடக்கும் வேலையில் மட்டும் அவளுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது.

மலையகத்தில் இந்தக் குறைபாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தோட்டத் தொழிலாளி அறிந்த முதற் காகிதம் அவன் எழுதியதன்று. அவனைப் பற்றிப் பிறர் எழுதியது. துண்டு என்று அதற்குப் பெயர். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டுக்குள் குடும்பங்கள் அடங்கிக் கிடந்தன. கங்காணி அதை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டு போவான். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் காகிதம் என்பது மேலேயிருந்து கீழே வரும் பொருள் என்ற எண்ணத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. பிரட்டுக் களத்தில் பேர் போடுவது கணக்கப்பிள்ளையின் புத்தகம். கொழுந்தின் நிறையைச் சொல்வது இன்னொருவரின் புத்தகம். தொழிலாளி ஏதாவது கேட்க வேண்டுமென்றால், அதையும் தலைவரோ கிளாக்கரோ நகரத்தில் தட்டெழுத்து யந்திரத்துடன் அமர்ந்திருப்பவரோ எழுதித் தருவார். 'பெட்டிசம்' என்று சனங்கள் அதைச் சொல்வார்கள். சொல்லியவன் ஒருவன், எழுதியவன் ஒருவன். எழுதப்பட்டதை வாசித்துக் காட்டும்படி கேட்கவும் பலருக்குத் துணிவு வந்ததில்லை.

இந்த நிலைமையின் கொடுமை முழுவதும் வெளிப்பட்டது 1949க்குப் பின்பு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையக மக்களை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், வேண்டுமானால் விண்ணப்பித்துப் பாருங்கள் என்றது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின; அவற்றில் அடங்கிய மக்கள் 8 லட்சத்துக்கும் மேல். ஆண்டுகள் பல கழிந்து கணக்குப் பார்த்தபோது, குடியுரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

நன்றாக எழுதத் தெரிந்திருந்தால் உரிமை கிடைத்திருக்கும் என்று நாம் வாதிக்க வரவில்லை. அப்படிச் சொல்வது பாதிக்கப்பட்டவன் மீதே பழியைச் சுமத்துவதாகும். கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு வகுக்கப்பட்ட சட்டத்தின் முன் எவ்வளவு ஒழுங்கான விண்ணப்பமும் தோற்கலாம். ஆயினும் வேறொன்றை மறக்க முடியாது. அந்த விண்ணப்பம் சான்றை வேண்டிற்று. சான்றோ எழுதுபவனிடம் இல்லை. அவன் எந்த ஆண்டில் எந்த மலையில் வேலை செய்தான் என்பதைச் சொல்லும் செக்ரோல் தோட்டக் காரியாலயத்தில் இருந்தது. இடையில் ஊருக்குப் போய்வந்தது சிலருக்கு வினையாயிற்று. தன் வாழ்க்கையின் ஆண்டுகளையே பிறருடைய அலுமாரியிலிருந்து இரவல் வாங்க வேண்டிய நிலையில் நின்ற ஒரு சமுதாயத்தின் பேரப்பிள்ளைகளுக்கு, இன்று நாம் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். கற்பிக்கும்போது குளக்கட்டை இரவல் கொடுக்கிறோம்!

பாடசாலையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் விட்டிருந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடம் வெளியே நின்றது. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள் என்று நடந்த அந்தப் பள்ளிகளில் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமென்றே கருதப்பட்டது. சிந்தித்து எழுதுவது பெரிய கிளாக்கரின் வேலை. இன்று அந்தப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். ஆசிரியராக, வழக்கறிஞராக வருகிறார்கள். ஆனால் அந்த மாதிரிக் கடிதத்தின் முதுகெலும்பு மட்டும் இன்னும் வளைந்தே இருக்கிறது.

'விண்ணப்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இராமலிங்க சுவாமிகள் தம் பாடற்பகுதி ஒன்றுக்குப் 'பிள்ளைச் சிறு விண்ணப்பம்' என்று பெயர் வைத்தார். அது இறைவனை நோக்கியது. அங்கே கருணையை நாடுவதில் பிழையில்லை. கந்தோரில் இருக்கும் உத்தியோகத்தரை நோக்கும்போதும் அதே பக்திப் பாவனையைச் சுமந்துகொண்டு போவதில்தான் பிழை. உத்தியோகத்தர் கருணை காட்டுவதற்காக அங்கே அமர்த்தப்படவில்லை. அவருக்குக் கடமைகள் உண்டு, வரம்புகள் உண்டு, மேலதிகாரி உண்டு. அவரிடம் எழுதுகிறவன் இவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும்.

கடித இலக்கியம் என்று நாம் கொண்டாடுவதும் இதற்கு உதவவில்லை. ரசிகமணி டி. கே. சி.யின் கடிதங்களைப் போற்றுகிறோம். மு. வரதராசனார் அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதியவை நூல்களாய் வந்து பல பதிப்புகள் கண்டன. நட்பின் கடிதத்துக்கும் அறிவுரைக் கடிதத்துக்கும் இலக்கியத்தில் ஆசனம் உண்டு. பலர் சேர்ந்து ஓர் அதிகாரத்தை நோக்கி எழுதும் கடிதத்துக்கு மட்டும் ஆசனம் இல்லை. அதை இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தள்ளிவிட்டோம்.

ஆனால் வாதத்தை ஒழுங்குபடுத்தும் கலை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையைக் கண்ணகியின் கோபத்துக்காகவே எல்லோரும் படிக்கிறோம். மேடைகளிலும் கோபமே முழங்குகிறது. அதன் ஒழுங்கைக் கவனிப்பவர்கள் குறைவு. பாண்டியன் 'நீ யார்' என்று கேட்கிறான். அவள் உடனே கணவனைக் கொன்றாய் என்று தொடங்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவனும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலிலிட்டவனும் ஆண்ட நகரம் தன் நகரம் என்கிறாள். நீதி என்றால் என்ன என்பதற்கு அளவுகோலை முதலில் நாட்டிவிடுகிறாள். அப்புறம் கணவன் எந்தக் குடியினன், ஏன் மதுரைக்கு வந்தான், எதை விற்கச் சென்றான், என்ன நேர்ந்தது என்று சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என அரசன் மறுக்கிறான். அவள் அழவில்லை, சான்றுக்குப் போகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பதோ முத்து. வழக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: உடைத்துப் பார்ப்போமா? இது கோபத்தின் தற்செயலான வெடிப்பென்று நாம் நம்பவில்லை. அரண்மனை வாயிலுக்கு நடந்து வரும் வழியிலேயே அவள் உள்ளத்தில் இது அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நன்னூலாரும் நூலுக்குரிய பத்து அழகுகளுள் 'முறையின் வைப்பு' என்பதையும் ஒன்றாக வைத்தார். பத்துக் குற்றங்களுள் ஒன்றான 'சென்று தேய்ந்திறுதல்' நம் மாதிரிக் கடிதத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. உரத்த வணக்கத்தோடு தொடங்கி, போகப் போக மெலிந்து, 'ஆவன செய்வீர்களென நம்புகிறோம்' என்று உயிரை விடுகிறது அல்லவா அது!

எழுதுமுன் சிந்திப்பது என்றால் என்ன? நாம் மேலே சொன்ன பாதையையே எடுத்துக்கொள்வோம். யாருக்கு எழுதுவது? பட்டணத்துப் பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்துக் கேள்வி. தோட்டத்துப் பிள்ளைக்கு இது நூறாண்டுக் கேள்வி. தோட்டம் அரசுடைமையானது 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால். 1992 முதல் அதை நடத்துவது கம்பனிகள். பாதை தோட்டத்துக்குள் இருந்தால் பிரதேச சபையிடம் கேட்கலாமா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பொதுப் பணத்தைச் செலவிட முடியாதென்று சபைகள் கைவிரித்தன. அதே தோட்டத்து மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி திறந்தது. அதே ஆண்டுத் தேர்தலின்போது நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் வந்தன. ஆகவே 2017இல் சபைக்கு எழுதிய அழகான கடிதம் வீண். 2019இல் எழுதியது வீணன்று. மொழி நடை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு சிந்தனையில் இருக்கிறது. 'மதிப்புக்குரிய ஐயா' என்பதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதைத் தேடிப் போகும் பிள்ளை, தன் தோட்டத்தின் சரித்திரத்தையே படித்துவிடுகிறது.

யாருக்கு என்பது தெளிந்தால் எந்த மொழியில், எந்தத் தொனியில் என்பதும் தெளியும். கோ. நடேசய்யரை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. 1924இல் 'தேசபக்தன்' நடத்தியவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்டவர். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரி வேடத்தில் சென்று நிலைமையைக் கண்டு வந்தவர். கண்டது முதல், எழுதியது பிறகு. தொழிலாளருக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் எளிய சிறு நூல்களாகவும், ஆட்சியாளருக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திலும் எழுதினார். அதே விஷயந்தான், ஆனால் கேட்பவர் வேறு, அடுக்கும் வேறு. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தின் துயரை ஆங்கிலத்தில் பாடியதற்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தேநீர் குடிப்பவன் காதில் அது விழ வேண்டுமென்றால் எந்த மொழியில் சொல்வது என்பதை அவர் தீர்மானித்திருந்தார்.

நம் முற்போக்கு எழுத்தாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தைப் பற்றி நாம் எழுதிய கதைகளில் கண்ணீர் ஏராளம். லயத்தின் கூரை ஒழுகும், பிள்ளை காய்ச்சலில் கிடக்கும், துரை இரங்க மாட்டார், கதை முடியும். அவையெல்லாம் பொய்யல்ல. ஆனால் கூரை எத்தனை ஆண்டுகளாக ஒழுகுகிறது, அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்று கேட்கும் பாத்திரங்கள் நம் கதைகளில் எத்தனை பேர்? மாதிரிக் கடிதம் கருணையை நாடுவதைக் கண்டிக்கும் நாம், கதையில் வாசகனின் கருணையை நாடுவதோடு நின்றுவிட்டோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2023இல் மலையகத்தின் இருநூறாம் ஆண்டை நினைந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மக்கள், கண்ணீரை மட்டும் சுமந்து நடக்கவில்லை. காணி, வீடு, கல்வி, மொழி, நியாயமான ஊதியம் என்று கோரிக்கைகளை வகுத்து எழுதிக்கொண்டு நடந்தார்கள். முன்னோர் வந்த பாதையிலேயே கால்களால் எழுதிய விண்ணப்பம் அது. அதில் கருணைக்கு இடமில்லை.

சான்றைப் பற்றியும் இன்றைய பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது உண்டு. பாட்டன் காலத்தில் சான்று துரையின் அலுமாரியில் இருந்தது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பாதைக்கு எப்போது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று ஒரு பிரஜை எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி வினவ முடியாது. தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தாழ்மையும் பணிவும் அங்கே தேவையில்லை. இன்ன தகவல் வேண்டும் என்று குறிப்பிட்டால் போதும். இப்படியொரு கடிதம் எழுதச் சட்டம் வழி செய்திருக்கும்போது, நம் பயிற்சிப் புத்தகங்கள் இன்னும் பழைய கும்பிடையே கற்பித்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் பரீட்சையில் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மணி அடிப்பதற்குள் கட்டுரையும் கடிதமும் சுருக்கமும் எழுதி முடிக்க வேண்டிய பிள்ளை, மாதிரியை மனனம் செய்வதில் வியப்பில்லை. புள்ளியிடுபவருக்கும் மாதிரியைக் கண்டால் வேலை சுலபம். ஆனால் ஆண்டு முழுவதும் வகுப்பறை பரீட்சை மண்டபமாகவே இருக்க வேண்டுமா?

நண்பர் நம் எதிரிலேயே அந்தக் கட்டை மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தை மூடச் சொன்னார். கடிதம் எழுத வேண்டாம், ஒரு தாளில் குறிப்பு மட்டும் எழுதுங்கள் என்றார். முதலில் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "தொரைக்கு எழுதுறதா, சபைக்கு எழுதுறதா, சேர்?" என்று கேட்டான். நண்பர் பதில் சொல்லவில்லை. அதையே தாளில் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இருக்கவில்லை. பாதை முழுவதையுமா கேட்பது, சரியும் அந்த வளைவை மட்டுமா என்று சண்டை வந்தது. முழுவதையும் கேட்டால் காசில்லை என்பார்கள் என்றான் ஒருவன்; வளைவில் ஒரு மதகு கேட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம் என்றாள் ஒருத்தி. மழை நாட்களில் எத்தனை பேர் வரவில்லை என்பது வரவுப் பதிவேட்டில் இருக்கும் என்று நினைவூட்டியது வேறு யாருமல்ல, குளக்கட்டை எழுதிய அதே மாணவிதான். பதிவேட்டைக் கொண்டு வந்து நாள் நாளாக எண்ணினார்கள். எங்கள் பாதை என்று எழுதுவதா, கொழுந்து லொறியும் அதே வழியில்தான் போகிறது என்பதையும் சேர்ப்பதா என்பது அடுத்த தர்க்கம். லொறியை முதலில் சொன்னால் சபை கம்பனியைக் கைகாட்டும் என்று தோன்றியதால், அதைக் கம்பனிக்கு எழுதும் கடிதத்துக்கென்று ஒதுக்கினார்கள். அப்போதுதான் ஒரு கடிதம் இரண்டு கடிதமாயிற்று.

அடித்தல் திருத்தல் நிறைந்த அந்தத் தாள்களில் ஒன்றை நாம் கேட்டு வாங்கி வந்தோம். இதை எழுதும்போது அது மேசைமேல் இருக்கிறது. மேலே 'மதகு ஒன்று' என்று எழுதி இரு முறை கோடிட்டிருக்கிறது. அதன்கீழே வராத நாட்களின் எண்ணிக்கை. ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், 'காசு இல்லைன்னு சொன்னா?' என்ற கேள்வி. அதற்கு எதிரே, 'போன வருசம் எவ்வளவு ஒதுக்கினாங்கன்னு கேக்கணும்.' இந்தத் தாளுக்குப் பரீட்சையில் ஒரு புள்ளியும் கிடையாது.

கடிதங்கள் இரண்டும் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை என்று நண்பர் எழுதியிருக்கிறார். நினைவூட்டற் கடிதத்தை என்று அனுப்புவது என்பதையும் பிள்ளைகள் முன்பே குறித்து வைத்திருக்கிறார்களாம்.